பன்மை நமக்கு மட்டும் உரிய சலுகையா?

பல்கலாசாரம் தோற்றுவிட்டது என்பது மேற்குலக அரசியல்வாதிகளுக்கு இப்போது மனப்பாடமாகிவிட்ட வாசகம். 2010 ஒக்டோபரில் பொற்ஸ்டாம் நகரில் தமது கட்சியின் இளைஞர் அணி முன்னிலையில் பேசிய அன்றைய ஜேர்மன் சான்சலர் அங்கெலா மேர்க்கெல், பல கலாசாரத்தவர் அருகருகே வாழும் சமுதாயம் என்ற முயற்சி முற்றாகத் தோல்வி கண்டுவிட்டது என்றார். 2011 பெப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில், பிரித்தானியப் பிரதமராக இருந்த டேவிட் கமரூன் தமது நாட்டைப் பற்றி ஏறத்தாழ அதே தீர்ப்பை வழங்கினார். அதே மாதத்தில் பிரான்ஸின் ஜனாதிபதி நிக்கலா சார்க்கோசியும் ஒத்து ஊதினார். அதன் பின்னர் ஐரோப்பாவில் எந்தத் தேர்தல் வந்தாலும் இந்த வாசகத்தைச் சொல்லி வாக்குக் கேட்க ஒரு கட்சியாவது இருக்கிறது.

தோற்றது எது என்று எவரும் கேட்பதில்லை. மேர்க்கெல் அம்மையாரின் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்த ஜேர்மனி, அவர்களுக்குச் சூட்டிய பெயர் 'விருந்தினர் தொழிலாளர்'. விருந்தினர் என்றால் திரும்பிப் போகவேண்டியவர் என்பது பொருள். அவர்கள் போகவில்லை, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். ஆயினும் 2000ஆம் ஆண்டில் சட்டம் மாற்றப்படும் வரை, அந்த மண்ணில் பிறந்தது மட்டும் அந்தப் பிள்ளைகளைப் பிரசைகளாக்கவில்லை. பிரசாவுரிமைக்கு இரத்தமே அளவுகோலாக இருந்தது. இரட்டைப் பிரசாவுரிமை பொதுவாக அனுமதிக்கப்பட்டது 2024 யூனில்தான். நாற்பது வருடங்களாக ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, அவர் வீட்டு மனிதராக மாறவில்லை என்று குறைகூறுவது என்ன நியாயம்? அங்கு தோற்றது பல்கலாசாரம் அன்று. அது அங்கு முயன்று பார்க்கப்படவேயில்லை என்பதே உண்மை.

ஆனால் இந்தக் கட்டுரையில் எனது வழக்கு மேர்க்கெலுடனோ கமரூனுடனோ அன்று. அவர்களுக்குப் பதில் சொல்லப் போதுமான அறிஞர்கள் அங்கேயே இருக்கிறார்கள். எனது வழக்கு நம்மவருடன். பல்கலாசாரத்தினால் உலகில் அதிக நன்மை பெற்ற சமூகங்களுள் ஒன்றான ஈழத்தமிழ்ச் சமூகம், அந்தக் கொள்கையைத் தனக்கு வரவேண்டிய சலுகையாக மட்டும் புரிந்துகொண்டிருக்கிறதா, அல்லது தானும் பிறருக்குக் கொடுக்கவேண்டிய கடனாகவும் புரிந்துகொண்டிருக்கிறதா என்பதே நான் எழுப்பும் கேள்வி. இது பலருக்கு உவப்பாக இராது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

கனடா கொடுத்ததும் கொடுக்க மறுத்ததும்

கனடாவின் பல்கலாசாரக் கொள்கையை ஏதோ வெள்ளையரின் பெருந்தன்மையில் விளைந்த கொடையாக நம்மவர் பலர் கருதுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1914இல் கொமகட்டா மாரு என்ற கப்பலில் 376 இந்தியர்கள் வன்கூவர் துறைமுகத்தை அடைந்தார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் சீக்கியர். முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். இரண்டு மாதங்கள் கப்பலிலேயே தடுத்து வைக்கப்பட்டபின், ஒரு சிலர் தவிர மற்றெல்லோரும் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த நாட்டின் ஆதிக்குடிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அவர்களின் மொழியையும் வழக்கத்தையும் மறக்கச் செய்வதற்கென்றே நடத்தப்பட்ட வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டனர். அதற்கு அரசாங்கம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோர 2008 வரை ஆயிற்று.

கொள்கை மாறியது அரசியல் நெருக்கடியினால். கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழியினர் கிளர்ந்தபோது, இருமொழி, இருகலாசாரம் பற்றி ஆராய 1963இல் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அந்த 'இரு' என்ற எண்ணுக்குள் அடங்காதவர்கள் அப்போது எழுந்து நின்றார்கள். உக்ரேனிய வம்சாவளியினரான செனற்றர் போல் யூசிக் 1964இல் தமது கன்னியுரையிலேயே, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மட்டும் சேர்ந்து கனடாவைக் கட்டவில்லை என்று வாதாடினார். 1971 ஒக்டோபர் 8ஆந் திகதி பிரதமர் பியர் ட்ரூடோ பாராளுமன்றத்தில் அறிவித்த கொள்கை அந்த வாதத்தின் விளைவாகும். அரசகரும மொழிகள் இரண்டு இருக்கலாம். ஆனால் அரச கலாசாரம் என்று ஒன்று இல்லை என்பதே அதன் சாரம். 1982இல் உரிமைகள் சாசனத்தின் 27ஆம் பிரிவாக அது அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1988இல் தனிச் சட்டமாயிற்று.

இந்தச் சட்டங்களின் நிழலில்தான் நம்மவர் அங்கு வாழ்கிறார்கள். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழரை அந்நாட்டு மீனவர் கரைசேர்த்தனர். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது வரவேற்பு வேறுவிதமாக இருந்தது. மாதக்கணக்கில் தடுப்புக் காவல், பயங்கரவாதிகள் என்ற ஐயம், பத்திரிகைகளின் ஏச்சு. இருந்தும் 2011இல் கனடியப் பாராளுமன்றத்துக்கு முதல் தமிழ்ப் பெண் தெரிவானார். தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2014இல் ஒன்ராறியோவும், 2016இல் கனடியப் பாராளுமன்றமும் ஏற்றன. 2025 மே மாதத்தில் பொதுப் பாதுகாப்பு அமைச்சராகப் பதவியேற்றவரும் ஈழத்தமிழரே. தனித்து வாழ முடியாது என்று சொந்த நாட்டில் விரட்டப்பட்ட ஒரு சமூகத்துக்கு, ஒரு தலைமுறைக்குள் கிட்டிய இந்த இடம் சாதாரணமானதன்று.

ஆகவே கியூபெக் மாகாணம் 2019 யூன் 16ஆந் திகதி 21ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அது நம்மைத் தொடாத சங்கதி என்று எவரும் இருந்திருக்க முடியாது. பொலிஸார், அரச வழக்கறிஞர்கள் மட்டுமன்றி, அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்களும் கடமை நேரத்தில் மதச் சின்னம் எதனையும் அணியக்கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஏற்கெனவே பணியில் இருந்தவர் அதே பதவியில் இருக்கும்வரை விலக்குப் பெறுவர். புதிதாக வருபவருக்கு அது இல்லை. முக்காடிட்ட முஸ்லிம் பெண்ணும், தலைப்பாகை கட்டிய சீக்கிய இளைஞனும், கிப்பா அணிந்த யூதரும் அங்கு ஆசிரியராக வேண்டுமாயின் அவற்றைக் களைந்துவிட்டு வரவேண்டும். உடை, சின்னம், நகை, அணிகலன் என்று விரிகின்ற அதன் வரைவிலக்கணத்துக்குள் நம்மவரின் திருநீறும் உருத்திராக்கமும் அகப்படாது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரச்சினையை ஆராய்ந்த அம்மாகாணத்தின் சொந்த ஆணைக்குழுவே ஆசிரியர்கள்மீது தடைவிதிக்கச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் ஜெராட் புஷாரும் தத்துவப் பேராசிரியர் சார்ள்ஸ் ரெய்லரும் 2008இல் சமர்ப்பித்த அறிக்கை, நீதிபதி, பொலிஸ் போன்று அரசின் கட்டாய அதிகாரத்தைக் கையில் வைத்திருப்போருக்கு மட்டுமே அத்தகைய தடையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரெய்லர் அந்தப் பரிந்துரையிலிருந்தும் விலகிக்கொண்டார். சாசனத்தின் 33ஆம் பிரிவின் விலக்களிப்பைக் கவசமாக வைத்தே மாகாண அரசாங்கம் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 பெப்ரவரியில் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லுபடியானது என்றது. கனடிய உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மேன்முறையீட்டை விசாரிக்க இணங்கியது.

'அது வேற, இது வேற'

மொன்றியலில் முப்பது வருடங்களாக வாழும் நண்பரொருவர் கொழும்புக்கு வந்திருந்த சமயம், இந்தச் சட்டம் பற்றி என்னிடம் கொதித்துப் பேசினார். இன்று முக்காட்டைக் கழற்றச் சொல்பவன் நாளைக்குப் பொட்டை அழிக்கச் சொல்லுவான் என்றார். அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது. அவர் பேசி முடித்ததும் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். “அப்படியென்றால் 2018இல் திருகோணமலையில் நாங்கள் செய்தது சரியா?”

“அண்ணை, அது வேற, இது வேற,” என்றார் அவர்.

திருகோணமலையில் நடந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அங்குள்ள ஓர் இந்து மகளிர் கல்லூரியில் கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர், 2018 ஏப்ரலில் அபாயா அணிந்து பணிக்கு வந்தனர். பாடசாலையின் மரபு சேலை என்று கூறிப் பெற்றோரும் பழைய மாணவியரும் வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களின் முறைப்பாட்டை விசாரித்த மனித உரிமைகள் ஆணைக்குழு, அவர்களுடைய உரிமை மீறப்பட்டதாகவே கண்டது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை அபாயாவுடன் கடமைக்குத் திரும்பியபோது, அதே இடத்தில் மீண்டும் குழப்பம் மூண்டது.

மொன்றியலில் சட்டம், திருகோணமலையில் கூட்டம். அங்கு பிரெஞ்சுப் பெரும்பான்மை. இங்கு பாடசாலை வளவுக்குள் தமிழ்ப் பெரும்பான்மை. இவற்றைவிட வேறுபாடு என்ன? 'அது வேற' என்பதற்கு நம்மவர் சொல்லும் காரணங்களை நான் பல வருடங்களாகக் கேட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மரபு. பாடசாலைக்கு ஒரு பண்பாட்டுப் பாரம்பரியம் உண்டு, அதை எவரும் மதிக்கவேண்டும் என்பது. கியூபெக் அரசாங்கமும் இதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலிருந்து 1960களில் விடுபட்ட சமுதாயம் அது. மதச்சார்பின்மை தமது பாரம்பரியம் என்கிறார்கள். ஆனால் அந்த மாகாண சட்டசபையில் 1936ஆம் ஆண்டிலிருந்து தொங்கிய சிலுவை, இச்சட்டம் நிறைவேறிய பின்னர்தான், 2019 யூலையில் இறக்கப்பட்டது. அதுவரை அதனை மதச் சின்னமென்று அவர்கள் ஏற்கவில்லை. பண்பாட்டு மரபு என்றார்கள். தன்னுடையது மரபு, அடுத்தவனுடையது மதம் என்பது எல்லாப் பெரும்பான்மையினருக்கும் பொதுவான பார்வைக் கோளாறு. நாம் சேலையை மரபென்றும் அபாயாவை மதமென்றும் பிரித்தபோது, அதே கண்ணாடியைத்தான் அணிந்திருந்தோம். அரசாங்கப் பாடசாலையில் அரச நியமனம் பெற்று, உடலை மறைத்து, ஒழுங்காக உடுத்து வரும் ஓர் ஆசிரியையால் எந்த மாணவியின் சைவம் குறைந்துவிடும் என்பதை எனக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை.

இரண்டாவது, அபாயா இந்த மண்ணின் உடையன்று, அரேபியாவிலிருந்து அண்மையில் வந்தது என்ற வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. எங்கள் காலத்தில் இலங்கையின் முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் சேலைத் தலைப்பையே முக்காடாக இட்டார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுடனும், அங்கிருந்து வந்த பணத்துடனும், மார்க்க இயக்கங்களுடனும் சேர்ந்தே அபாயா பரவியது. ஆனால் புதிது என்பது தடைசெய்வதற்குக் காரணமாகுமாயின், ரொறன்ரோ வீதியில் தேரிழுப்பதும் இலண்டனில் காவடியெடுப்பதும் அந்த மண்ணுக்கு எவ்வளவு பழையவை? அந்தப் பெண்ணை அபாயா அணியும்படி வீட்டில் யாராவது வற்புறுத்தினால், அவளுக்குத் துணைபோகக் கூடியது அவளுடைய உத்தியோகமும் சம்பளமும்தான். பாடசாலை வாசலை அடைத்து அவற்றைப் பறிப்பவர் அவளுடைய விடுதலையைப் பற்றிப் பேச அருகதையற்றவர்.

மூன்றாவது, பழங்கணக்கு. கிழக்கில் அவர்கள் எங்களுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா என்பது. தெரியும். ஊர்காவற் படையினரின் கொடுமைகளையும், காணிகள் கைமாறிய கதைகளையும், அமைச்சர்களின் செல்வாக்கினால் நடந்த நியமனங்களையும் செய்தியாளனாக அறிந்தவன் நான். அவை உண்மையான முறைப்பாடுகள். ஆனால் காணிப் பிரச்சினைக்குக் காணிக் கச்சேரியும் நீதிமன்றமும் இருக்கின்றன. அரசியல் அநீதிக்கு அரசியல் மேடை இருக்கிறது. ஓர் ஆசிரியையின் உடையில் அந்தக் கடனை வசூலிக்க முடியாது. முறைப்பாடு இருக்கின்ற காரணத்தால் ஒரு சமூகத்தின் ஒவ்வொரு தனிமனிதரும் குற்றவாளி என்று சொன்னால், 1983இல் கொழும்பில் நமக்குச் செய்ததற்கும் அதே நியாயத்தைத்தானே அவர்கள் சொன்னார்கள்!

நான்காவதே மிக ஆழமானது. நாம் சிறிய இனம், இடம் கொடுத்தால் அழிந்துபோவோம் என்ற அச்சம். இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதையாவது உணரவேண்டும். வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலில் தாம் ஒரு சிறு தீவு என்பது கியூபெக் மக்களின் அச்சம். 1977இல் பிரெஞ்சு மொழிச் சாசனமும் 2019இல் இந்தச் சட்டமும் அந்த அச்சத்தின் குழந்தைகளே. பாக்குநீரிணைக்கு அப்பால் கோடிக்கணக்கான தமிழர் இருக்க, தமக்கு இந்தத் தீவைவிட வேறு போக்கிடமில்லை என்பது சிங்கள மக்களின் அச்சம். 1956இன் தனிச்சிங்களச் சட்டமும், 1972இல் பௌத்தத்துக்கு அரசியலமைப்பில் கொடுக்கப்பட்ட முதன்மை இடமும் அந்த அச்சத்தை ஊட்டி வளர்த்தவர்களின் சாதனை. அச்சம் உண்மையானதாக இருக்கலாம். அது தரும் அனுமதிப்பத்திரம் செல்லாது. சிங்களவரின் அச்சம் நம்மை ஒடுக்க நியாயமாகாது என்று எழுபது வருடங்களாக வாதிட்ட நாம், நமது அச்சம் முஸ்லிம்களை ஒடுக்க நியாயமாகும் என்று எந்த முகத்துடன் சொல்வது?

நமது வரலாற்றின் பேசாத பக்கம்

இந்த இடத்தில் 1990 ஒக்டோபரைப் பற்றிப் பேசாமல் மேலே செல்வது நேர்மையாகாது. வடமாகாணத்தின் முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒருசில வாரங்களுக்குள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆந் திகதி அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகப் பேசி வாழ்ந்தவர்கள், வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டுப் புத்தளத்தின் அகதி முகாம்களுக்குப் போனார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் அது தவறென்று புலிகள் தரப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் நமது பொதுமனத்தில் அந்த ஒப்புதல் பதியவேயில்லை. 1981இல் எரிந்த யாழ் நூலகத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், அது சரியே. 1990ஐ நினைவுகூரும் தமிழ் மேடைகள் எத்தனை?

வெளியேற்றப்பட்டவர்களின் முன்னோர் யார் என்பதை எண்ணிப் பார்ப்போம். வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். தமது கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி தனிச்சிங்களக் கொள்கைக்குத் தாவியபோது, 1956இல் அதிலிருந்து விலகியவர். தமிழுக்கு அநீதி நேர்கையில் கட்சியைத் துறந்த ஒரு மனிதரின் சமூகத்தை, அவர் பிறந்த ஊரிலிருந்தே துரத்திய வரலாறு நமக்குண்டு. ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. இவர்களைக் கழித்துவிட்டு எழுதப்படும் தமிழ்ப் பண்பாட்டு வரலாறு பாதி வரலாறே.

இன்னும் பின்னோக்கிப் போனால் 1948, 1949ஆம் ஆண்டுகள். மலையகத் தமிழ்த் தொழிலாளரின் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்து அரசியல் ஒரே குரலில் எதிர்த்ததா? இல்லை. அந்தப் பிளவில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்று அவர் அப்போதே எச்சரித்தார். ஏழு வருடங்களில் 1956 வந்தது.

தூய்மை என்ற இறக்குமதிச் சரக்கு

இது இன்று முன்னெப்போதையும்விட அவசரமான விடயமாவதற்குக் காரணம் பூகோளமயமாதல். உலகம் முழுவதும் ஒரே கைத்தொலைபேசி, ஒரே காற்சட்டை, ஒரே குளிர்பானம் என்றாகும்போது, மனிதருக்குத் தம்மை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஆவல் அதிகரிக்கிறது. அந்த ஆவலுக்கும் சந்தையே சரக்கு விற்கிறது. வளைகுடாவிலிருந்து ஒருவகைத் 'தூய' இஸ்லாம் வந்ததை நாம் சுட்டிக்காட்டுகிறோம். சரி. இந்தியாவிலிருந்து ஒருவகைத் 'தூய' இந்துத்துவம் வருவதைக் காணவில்லையா? 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற அதே பெயரிலேயே ஓர் அமைப்பு தோன்றவில்லையா? மதவேறுபாடு பாராது தமிழால் இணைந்த அரசியல் என்பது செல்வநாயகம் என்ற கிறிஸ்தவரைத் 'தந்தை' என்று சைவர் அழைத்த மரபு. அதை விட்டுவிட்டு, நாக்பூரிலும் மும்பையிலும் தயாரான வெறுப்பை நம் ஊர்க் கோயில் வாசலில் கடைபரப்ப இடமளிப்பது எந்தப் பண்பாட்டைக் காப்பது?

ஐரோப்பாவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. சுவிற்சர்லாந்தில் 2009 நவம்பர் 29ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் 57.5 வீதத்தினர் பள்ளிவாசல் மினாராக்களைத் தடைசெய்யச் சம்மதித்தனர். ஐந்து வருடங்கள் கழித்து, 2014 டிசம்பரில், அதே நாட்டின் பேர்ண் நகரில் சமயங்களின் இல்லம் திறக்கப்பட்டது. ஒரே கட்டடத்தில் பள்ளிவாசலும், தேவாலயமும், பௌத்த நிலையமும், அலவிகளின் வழிபாட்டிடமும், நம்மவரின் சைவக் கோயிலும் அமைந்துள்ளன. ஒரு நாட்டுக்குள்ளேயே இரு பாதைகள். முஸ்லிமைத் தள்ளிவைத்தால் நமக்கு நல்ல பிள்ளைப் பட்டம் கிடைக்கும் என்று எண்ணுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களின் பேச்சை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். 2001 செப்டெம்பர் 15ஆந் திகதி அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர், தலைப்பாகை கட்டியிருந்ததால் அரபியர் என எண்ணப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். வெறுப்பவன் அடையாள அட்டை கேட்டுவிட்டுச் சுடுவதில்லை.

பல்கலாசாரத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2006இல் வெளியிட்ட நூலில், பல கலாசாரங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பெட்டிகளில் கிடப்பதைப் பல்கலாசாரம் என்று கொள்ளலாகாது என்றார். பெட்டிக்குள் இருக்கும் தனிமனிதனின் சுதந்திரம் என்னாவது என்பதே அவரது கேள்வி. நமது பெட்டிக்குள்ளும் எட்டிப்பார்க்கலாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் ரொறன்ரோ பாடசாலைச் சபை, சாதி ஒடுக்குமுறை தனது பாடசாலைகளில் உள்ள பிரச்சினையென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தெந்தச் சமூகங்களின் பயணப்பொதிகளில் சாதி விமானமேறிற்று என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கலாசாரத்தைப் பேணுகிறோம் என்ற பெயரில் சாதியையும் பெண்ணடக்கத்தையும் பேணும் உரிமையை எந்தச் சட்டமும் நமக்குத் தரவில்லை, தரவும் கூடாது.

என்ன செய்யவேண்டும்

நம்பிக்கையூட்டும் ஒரு சம்பவமும் நமது அண்மை வரலாற்றில் உண்டு. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் தொடக்கம் இலங்கை அரசாங்கம் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற காரணத்துக்கு விஞ்ஞான ஆதாரமிருக்கவில்லை. சைவரான நமக்கு எரிப்பது வழக்கம். ஆகவே அது நமது பிரச்சினையன்று என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. கிழக்கின் முஸ்லிம் ஊர்கள் அந்தப் பேரணியை வீதியில் நின்று வரவேற்றன; பலர் உடன் நடந்தனர். அந்த மாத முடிவில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 யூலையில் இலங்கை அமைச்சரவை அந்தச் செயலுக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்தப் பேரணியில் வெளிப்பட்ட உணர்வை அன்றாட நடைமுறையாக்குவதுதான் இப்போது வேண்டப்படுவது. புலம்பெயர்ந்த தமிழ் அமைப்புகள் கியூபெக் சட்டத்தை எதிர்க்கட்டும். பொட்டுக்காக மட்டுமன்றி முக்காட்டுக்காகவும் தலைப்பாகைக்காகவும் எதிர்க்கட்டும். வடக்கில் மீளக்குடியேற வரும் முஸ்லிம் குடும்பங்களின் காணி, வீடு, பதிவு ஆகியவற்றில் நமது உள்ளூராட்சி மன்றங்களும் அலுவலர்களும் தடைக்கல்லாக இல்லாதிருக்கட்டும். நமது பாடசாலைகளில் கற்பிக்க வரும் ஆசிரியையின் தகைமையைப் பார்ப்போம். அவளுடைய உடையை அவளிடம் விட்டுவிடுவோம். ஒக்டோபர் 30ஐ யாழ்ப்பாணத்துத் தமிழரே முன்னின்று நினைவுகூரட்டும்.

இவற்றைச் செய்தால் சிங்களப் பேரினவாதம் நாளையே மனம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாறாது. ஆனால் ஜெனீவாவிலும் ஒட்டாவாவிலும் நாம் முன்வைக்கும் வாதத்துக்கு அப்போதுதான் முழுப் பொருள் உண்டாகும். தான் பெரும்பான்மையாக உள்ள இடத்தில், அது ஒரு மாகாணமாயினும் ஒரு பாடசாலை வளவாயினும், மற்றவனுக்கு இடம் விட்டுக்கொடுத்த சமூகம் கேட்கும் உரிமையை மறுப்பது எந்த அரசுக்கும் கடினம். கேட்பது மட்டும் நம் வேலை, கொடுப்பது பிறர் வேலை என்று இருந்தால், நாம் கேட்பது உரிமையா அல்லது ஆதிக்கத்தில் நமது முறையா என்ற ஐயம் உலகத்துக்கு எழத்தான் செய்யும்.